காது கேளாதவருடன் வைத்தியரிடம் செல்லும்போது

நாம் அகதிகளாக இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எம்மவர் பலர், மொழிபெயர்க்கப் பிள்ளைகளையே வைத்தியரிடம் கூட்டிச் சென்றனர். பிள்ளைக்கு முன் சொல்லக் கூசியதைச் சொல்லாமலே திரும்பினர். காது கேளாத எம் உறவினருக்கு இன்றும் அதே நிலைதான்.

பிரித்தானியச் சைகை மொழி ஆங்கிலத்தின் கைவடிவம் அன்று. தனி இலக்கணம் உடையது. 2022இல் சட்டமும் அதை ஒரு மொழியாக அங்கீகரித்தது. சில சைகைகளை நாமும் பழகலாம்:

• வைத்தியர்: நாடித்துடிப்புப் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரல் நுனிகளை வைத்தல்.
• நல்லது: பெருவிரலை உயர்த்தல்.
• கூடாது: சின்னவிரலை உயர்த்தல்.
• நன்றி: விரல் நுனிகளைத் தாடையில் தொட்டு முன்னே கொண்டுவருதல்.
• "நோகிறதா?" என்று கேட்கும்போது புருவத்தை உயர்த்துங்கள், "எங்கே?" என்றால் சுருக்குங்கள்.

முகத்தில் வெளிச்சம் விழ, அவரைப் பார்த்தே பேசுங்கள். கத்த வேண்டாம்.

இவை அவரது பதற்றத்தைத் தணிக்கும். ஆனால் மருந்தின் அளவை விளக்கவோ, சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் பெறவோ போதா. நேரம் பதியும்போதே சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தேசிய சுகாதார சேவையில் நோயாளி அதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை. பிள்ளை பிள்ளையாகவே இருக்கட்டும்.