ஒட்டி எழுதினால் ஆட்டுத்தொடை, பிரித்து எழுதினால் முடங்கிய தொடை

கேள்வி: நார்வேஜிய மொழியின் நீளமான கூட்டுச்சொற்களில் அசை எங்கே பிரிகிறது? அழுத்தம் எங்கே விழுகிறது?

பதில்: நார்வேஜிய மொழியில் இரு சொற்கள் கூடி ஒரு சொல்லாகும்போது அவை இடைவெளியின்றி ஒட்டியே எழுதப்படுகின்றன, பெரும்பாலும் முதல் உறுப்பின் அழுத்தமே முதன்மை அழுத்தமாக நிற்க, இரண்டாம் உறுப்பின் அழுத்தம் மறையாமல் துணையழுத்தமாகத் தாழ்கிறது. ‘லம்மெலோர்’ என்று ஒட்டிச் சொன்னால் அது ஆட்டுக்குட்டியின் தொடை இறைச்சி. அதையே ‘லம்மெ லோர்’ என்று பிரித்து, இரண்டு சொற்களுக்கும் முழு அழுத்தம் கொடுத்தால் முடங்கிப்போன தொடைகள் என்று பொருள் மாறிவிடுவதால், கடைப் பலகைகளில் காணப்படும் இந்தப் பிழை அங்கே ஓயாத கேலிக்கு ஆளாகிறது.

வரியின் இறுதியில் சொல்லை உடைக்க நேர்ந்தால், உறுப்புகள் கூடும் இடமே உடைப்பதற்கு உகந்த இடமாகும். உறுப்புகளை இணைக்க நடுவே வரும் ‘ஸ்’ என்னும் இணைப்பொலி முன்னுறுப்போடு நிற்கும். இதில் சுவையானது மூன்று மெய்களின் விதி: இரவு என்னும் ‘நட்’ சொல்லின் எழுத்துக்கூட்டல் இரண்டு டகர மெய்களில் முடிகிறது, ரயில் என்னும் ‘டோக்’ மற்றொரு டகர மெய்யில் தொடங்குகிறது; இரவு ரயிலைக் குறிக்கும் ‘நட்டோக்’ என்பதில் மூன்றில் ஒன்று விடப்பட்டு இரண்டே எழுதப்படுகின்றன. ஆயினும் அந்தச் சொல் வரியின் விளிம்பில் உடைந்தால், விடப்பட்ட மெய் மீண்டும் வந்து, இணைகோட்டுக்கு முன் இரண்டும் பின் ஒன்றுமாக மூன்றும் எழுத்தில் தோன்றுகின்றன.