தொழில் கற்போம்: சின்னப் படகுக்குப் பாய் கட்டுவோம்



மரத்தில் செய்த சின்னப் பாய்மரப் படகுக்குப் பாய் விரித்துக் கயிறு கட்டுவது எப்படி என்பதுதான் இந்த இதழின் தொழில் பாடம். படகின் உடம்பை ஆசாரி செய்து கொடுத்துவிடுவார். ஆனால் பாய் ஏறாத வரைக்கும் அது வெறும் மரக்கட்டைதான். பாயும் கயிறும் ஏறிய பிறகுதான் அதை வீட்டு அலமாரியில் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வரும், விலை கேட்பார். அந்த வேலை நம் விரல் வேலை. பூக் கட்டத் தெரிந்தவர்களுக்கும், புடவைக்குக் குஞ்சம் முடியத் தெரிந்தவர்களுக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

மொரீஷியஸ் பெண்கள் செய்யும் வேலை

இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் என்று ஒரு சின்னத் தீவு நாடு இருக்கிறது. நம் முன்னோர் பலர் அங்கே குடியேறியதால், அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. 1968-ல் அங்கே ஒருவர் பொழுதுபோக்காகச் செய்த சின்னக் கப்பலில் இருந்துதான் ஒரு தொழிலே பிறந்தது என்பார்கள். க்யூர்பிப், குட்லாண்ட்ஸ் போன்ற ஊர்களில் இதற்கென்றே பட்டறைகள் வந்தன. பழைய காலத்துப் பெரிய கப்பல்களை அளவு குறைத்து அப்படியே செய்கிறார்கள். பெரிய மாதிரி ஒன்றுக்கு 400 மணி நேரம் வரைக்கும் வேலை பிடிக்கும்.

அங்கே மர வேலையைப் பெரும்பாலும் ஆண்கள் செய்கிறார்கள். பாயும் கயிறும் பெண்கள் வேலை. பாய்த்துணி பழசாகத் தெரிய அவர்கள் செய்யும் உபாயம் என்ன தெரியுமா? தேநீரில் முக்கி எடுப்பது! நம் அடுப்படியிலேயே இருக்கிற சாயம்.

அவ்வளவு பெரிய கப்பலில் நாம் ஆரம்பிக்க வேண்டாம். ஒரே பாய்மரம், ஒரே முக்கோணப் பாய் போதும். இந்தியப் பெருங்கடல் முழுக்க ஓடிய பாய் அது. கேரளத்தில் பேப்பூர் ஊரில் கட்டும் உரு என்ற மரக்கப்பலைச் சின்ன அளவில் செய்து இன்றும் விற்கிறார்கள்.

அளவுதான் அழகு

நிஜப் படகு 15 மீட்டர் நீளம், நம் படகு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 50-ல் ஒரு பங்கு. அப்படியானால் அதில் இருக்கும் எல்லாமே 50-ல் ஒரு பங்காக வேண்டும். நிஜப் படகில் 25 மில்லிமீட்டர் கனமுள்ள கயிறு இதில் அரை மில்லிமீட்டர். மெல்லிய கயிறுக்குச் சாதாரணத் தையல் நூலே சரி. பொட்டலம் கட்டும் 1 மில்லிமீட்டர் சணலைக் கட்டினால், நிஜப் படகில் 5 சென்டிமீட்டர் கனமுள்ள வடம் கட்டியது போல ஆகிவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் "ஏதோ பொம்மை மாதிரி இருக்கே" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்.

தையலும் அப்படித்தான். மிஷினில் 3 மில்லிமீட்டர் தையல் போட்டால், நிஜத்தில் அது 15 சென்டிமீட்டர் நீளத் தையல். அதனால் பாயில் தையல் போடாமல் பென்சில் கோடு மட்டும் போடுகிறோம்.

தேவையான பொருட்கள்

துளை போட்ட படகு உடம்பு, 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்மரம், 30 சென்டிமீட்டர் மூங்கில் குச்சி (இதுதான் பாயைத் தாங்கும் பருமல், நடுவில் 3 மில்லிமீட்டர் கனம் இருந்து நுனிகளில் மெலிய வேண்டும்), துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டித் துணி, பாலியஸ்டர் தையல் நூல் (கரும்பழுப்பு ஒன்று, வெளிர்பழுப்பு ஒன்று), தேன்மெழுகு, பெவிகால், 3 மில்லிமீட்டர் பழுப்புப் பாசிமணி சில, ஊசி, சின்ன இடுக்கி, பிளேடு.

நூல் ஏன் பாலியஸ்டர்? பருத்தி நூல் ஈரக் காற்றை உறிஞ்சும். மழைக்காலத்தில் இழுக்கும், வெயிலில் தளரும். விற்று ஆறு மாதத்தில் கயிறெல்லாம் தொங்கினால் வாங்கியவர் மறுபடி நம்மிடம் வரமாட்டார். எந்த நூலானாலும் தேன்மெழுகின் மேல் இரண்டு மூன்று முறை இழுத்துவிடுங்கள். நூலின் பிசிறு அடங்கிவிடும், முடிச்சும் நன்றாகப் பிடிக்கும். மெழுகுவர்த்தி மெழுகு வேண்டாம், அது செதில் செதிலாக உதிரும்.

கயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை

நம் படகில் மொத்தம் 7 கயிறு. எது எதற்கு என்று மனசில் வாங்கிக்கொண்டால் தப்பாகக் கட்டவே முடியாது. (பெயர்கள் கரைக்குக் கரை கொஞ்சம் மாறும். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.)

1. பக்கக் கயிறுகள், பக்கத்துக்கு 2 வீதம் 4. பாய்மரம் சாயாமல் பிடிப்பவை.
2. ஆஞ்சான், 1. பருமலைப் பாயோடு மேலே ஏற்றும் கயிறு.
3. முன் கயிறு, 1. பருமலின் கீழ் நுனியை அணியத்தில், அதாவது படகின் முன் மூக்கில் கட்டுவது.
4. தாமான், 1. பாயின் பின் முனையைப் பிடித்துக் காற்றுக்குத் தக்கபடி இழுக்கவும் விடவும் பயன்படுவது.

பக்கக் கயிறுக்குக் கரும்பழுப்பு நூல். மற்றவற்றுக்கு வெளிர்பழுப்பு நூல்.

முதலில் காற்றை முடிவு செய்யுங்கள்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருந்தால் போதும் என்றால், அது இதுதான். நூலைத் தொடுவதற்கு முன்னால், காற்று படகின் இடப் பக்கமிருந்து வருகிறதா, வலப் பக்கமிருந்து வருகிறதா என்று முடிவு செய்யுங்கள். இடப் பக்கமிருந்து என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பருமலும் பாயும் பாய்மரத்துக்கு வலப் பக்கம் இருக்க வேண்டும். பாயின் வயிறு வலப் பக்கம் புடைக்க வேண்டும். இடப் பக்கத்து 2 கயிறும் விறைப்பாக நிற்க வேண்டும், பாரம் தாங்குவது அவைதான். வலப் பக்கத்து 2 கயிறையும் பாய்க்கு இடைஞ்சல் இல்லாமல் தளர்த்தி, பாய்மரத்தின் அடியோரம் கொண்டுவந்து கட்ட வேண்டும். நிஜப் படகிலும் பாய் நிற்கும் பக்கத்துக் கயிறைத் தளர்த்தித்தான் விடுவார்கள்.

கொடியும் வலப் பக்கமே பறக்க வேண்டும். பாய் ஒரு பக்கம் புடைத்து, கொடி எதிர்ப் பக்கம் பறக்கிற படகுகளைக் கடைகளில் நிறையப் பார்க்கலாம். கடல் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

செய்முறை

1. சாயம்: அரை லிட்டர் தண்ணீரில் 2 கரண்டி தேயிலை போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். கஞ்சி நீங்கத் துவைத்த துணியை 10 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். காய்ந்தால் நிறம் குறையும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இஸ்திரி போடுங்கள்.

2. வெட்டு: முதலில் காகிதத்தில் வெட்டிப் படகில் வைத்துப் பாருங்கள். பருமல் ஓரம் 28, பின் ஓரம் 23, கீழ் ஓரம் 20 சென்டிமீட்டர். துணியின் இழை பின் ஓரத்துக்கு இணையாக ஓடட்டும். அதே திசையில் 12 மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய பென்சில் கோடு போடுங்கள். நிஜப் பாயைத் துணிப் பட்டைகளை இணைத்துத் தைப்பார்கள், இந்தக் கோடு அந்த இணைப்பைக் காட்டும். வெட்டும் கோட்டின் மேல் தண்ணீர் கலந்த பெவிகாலைத் தடவி, காய்ந்த பிறகு வெட்டினால் நூல் பிரியாது. சுற்று ஓரம் முழுக்க ஒரு நூலை ஒட்டுங்கள். மூன்று முனையிலும் அந்த நூலையே சின்ன வளையமாக விடுங்கள்.

3. வயிறு: 1 பங்கு பெவிகாலுக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து பாய் முழுக்கத் தடவுங்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றிய பானையின் மேல் விரித்துக் காயவிடுங்கள். காற்று நிறைந்த பாய் போல வளைந்து நிற்கும். கஞ்சி போடாதீர்கள். கஞ்சி பூஞ்சை பிடிக்கும், கரப்பான் வந்து அரிக்கும்.

4. பருமலில் கட்டுதல்: முதலில் பாயின் இரண்டு முனைகளைப் பருமலின் இரண்டு நுனியில் கட்டுங்கள். அடுத்து நடுவில். அதற்கப்புறம் 1 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒரு நுனியில் ஆரம்பித்து வரிசையாகப் போனால் மறு நுனியில் துணி சுருங்கி நிற்கும்.

5. பாய்மரம்: நட்டு ஒட்டுவதற்கு முன்பே, உச்சியில் 4 பக்கக் கயிறையும் கட்டி, ஆஞ்சானுக்கு ஒரு பாசிமணியையும் கட்டிவிடுங்கள். நட்ட பிறகு கட்டுவது கிணற்றுக்குள் கைவிட்டு ஊசி தேடுகிற மாதிரி. இந்த வகைப் படகில் பாய்மரம் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து நிற்கும். பக்கவாட்டில் மட்டும் சாயக் கூடாது. படகை வாசற்கதவுக்கு நேராக வைத்து, முன்னாலிருந்து பார்த்து நிலைக்காலோடு ஒப்பிடுங்கள்.

6. பக்கக் கயிறு: காற்றுப் பக்கத்துக் கயிறுகளைப் பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் உள்ள துளைகளில் கோத்து மெதுவாக இழுங்கள். விரல் நுனியால் தொட்டால் நூல் மீண்டு வர வேண்டும், அவ்வளவுதான். பாய்மரம் வளைந்தால் இழுவை அதிகம் என்று அர்த்தம்.

7. ஏற்றுதல்: பருமலின் முன்பாகம் கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி, நடுவுக்குச் சற்று மேலே ஆஞ்சானைக் கட்டுங்கள். உச்சி மணிக்குள் கோத்து, பாய்மரத்துக்குப் பின்னால் தளத்தில் இறக்குங்கள். முன்னால் சாயும் பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதும் இந்தக் கயிறே. அடுத்து முன் கயிறு, கடைசியில் தாமான். தாமானை வலப் பக்கப் பின்மூலையில் கட்டி, லேசான தொய்வு விடுங்கள். அது கையில் பிடித்து விடுகிற கயிறு, கம்பி மாதிரி நிற்கக் கூடாது.

8. முடித்தல்: எல்லாம் கட்டி முடியும் வரை எந்த முடிச்சையும் ஒட்டாதீர்கள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று தளரும், திருத்த வழி இருக்க வேண்டும். சரியென்று தோன்றிய பிறகு ஊசி முனையால் ஒரு சொட்டு நீர்த்த பெவிகால் வையுங்கள். காய்ந்ததும் மிச்ச நூலைப் பிளேடால் நறுக்குங்கள். உடனே ஒட்டும் பசை வேண்டாம். அது நூலில் வெள்ளைப் பூ பூக்கும், நூலும் முறிந்துபோகும்.

பகல் வெளிச்சத்தில் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் நிமிர்ந்து தூரத்து மரத்தைப் பாருங்கள். கண் நம்முடையது.

நம் மணி நேரத்துக்கு என்ன விலை?

வேலை கற்றால் போதாது, கணக்கும் கற்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு பார்ப்போம். படகு உடம்பு வாங்கியது 150 ரூபாய். துணி, நூல், பசை 30 ரூபாய். அட்டைப் பெட்டி 40 ரூபாய். மொத்தம் 220. பாயும் கயிறும் கட்ட 5 மணி நேரம். வியாபாரி வந்து "350 தர்றேன்மா, வெறும் நூல் கட்டுற வேலைதானே" என்கிறார். 350-ல் 220 போனால் மிச்சம் 130. அதை 5-ஆல் வகுத்தால் மணிக்கு 26 ரூபாய்.

இங்கே யாருக்கு நஷ்டம்? ஆசாரிக்கு அவர் காசு வந்துவிட்டது. நூல் கடைக்கும் வந்துவிட்டது. குறைந்தது முழுக்க நம் கூலியில்தான். மணிக்கு 50 ரூபாயாவது வேண்டும் என்று குழு முடிவு செய்தால், 250-ஐயும் 220-ஐயும் கூட்டி 470 ரூபாய்க்குக் கீழே கொடுக்கக் கூடாது. ஒருவர் தனியாகப் பேசினால் விலை இறங்கும். குழுவாக ஒரே விலை சொன்னால் நிற்கும். அதனால் முதல் படகிலிருந்தே ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். கை பழகப் பழக நேரம் குறையும். அந்த லாபம் நமக்கு வர வேண்டுமானால் நேரம் எழுத்தில் இருக்க வேண்டும்.

கூலி முன்பணம் வாங்கி வேலை எடுக்கிறவர்கள், திருப்பி அனுப்பும் படகுக்கு யார் பொறுப்பு, எந்தக் குறைக்குத் திருப்பலாம் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் விரல் வேலை நன்றாக வருபவர்கள் யார் யார்? சாயம் போட, வெட்ட, கட்ட என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாமா?
• காற்று வலப் பக்கமிருந்து வந்தால் மேலே சொன்னதில் எதெல்லாம் மாறும்? ஒருவர் எழுந்து சொல்லட்டும், மற்றவர்கள் சரிபாருங்கள்.
• நம் ஊரில் மணிக்கு என்ன கூலி நியாயம்? குழுவாக ஒரு தொகை முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதுங்கள்.