போர்வையைப் பிரித்துக் காட்டுங்கள்

கணித மேதை ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். டிரினிட்டி கல்லூரி அவருக்கு அறை கொடுத்தது, கட்டில் கொடுத்தது. குளிர்காலம் வந்ததும் ராத்திரியில் நடுங்கினார். ஓவர்கோட்டைக் கழற்றாமல், மேலே சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தார். அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் மகாலனோபிஸ், போர்வை போதவில்லையோ என்று அறைக்குள் போய்ப் பார்த்தார். போர்வைகள் இருந்தன. அந்த ஊர் வழக்கப்படி மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். அதைப் பிரித்து உள்ளே படுக்க வேண்டும் என்பது கும்பகோணத்துப் பிள்ளைக்குத் தெரியவில்லை. மகாலனோபிஸ் பிரித்துக் காட்டினார்.

ஒரு பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பன்முகத்தன்மை, உள்ளடக்கம், பாகுபாடின்மை என்று அலுவலகக் கோப்புகளில் எழுதுகிறோமே, அந்த மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் இந்தப் போர்வைதான். இந்த ஆண்டு விரிவுரையாளராக, விடுதிக் காப்பாளராக, அலுவலராகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, நான் கண்டதையும் தவறவிட்டதையும் எண் போட்டுச் சொல்கிறேன்.

1. சேர்த்துக்கொண்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

ஜார்ஜ் மெக்லாரின் ஒரு கறுப்பின ஆசிரியர், ஐம்பது வயதைக் கடந்தவர். நீதிமன்றம் வரை போராடி 1948-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பில் சேர்ந்தார். பல்கலைக்கழகம் அவரை வகுப்பறையை ஒட்டிய பக்க அறையில் தனியாக உட்கார வைத்தது. நூலகத்தில் அவருக்கென்று தனி மேசை. சாப்பாட்டுக் கூடத்தில் தனி நேரம், தனி மேசை. பாடம் ஒன்றுதான், ஆசிரியர் ஒருவர்தான், புத்தகமும் ஒன்றுதான். 1950 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. சக மாணவர்களோடு பேசவும் விவாதிக்கவும் முடியாதபடி ஒருவரைப் பிரித்து வைத்தால் அவருடைய படிப்பே குறைபடுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று யாரும் தனி மேசை போடுவதில்லை. ஆனால் குழுவாகச் செய்யும் பயிற்சிக்கு ஆட்களை மாணவர்களே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், கடைசியில் யார் மிஞ்சுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தத் தனி மேசை அங்கே இருக்கிறது. குழுக்களை நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

2. முதல் நாளே பெயரைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டு மாணவி ஒருத்தி. நம் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்துதான் அவளுக்குத் தலைப்பெழுத்து. சேர்க்கைப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. அப்பா பெயரை எழுதினாள். அன்றிலிருந்து வருகைப் பதிவு, நூலக அட்டை, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் அப்பா பெயரே அவள் பெயராயிற்று. இரண்டாம் பருவத்தில் அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்து வந்து உட்கார்ந்த முதல் வகுப்பில், ஆசிரியர் பட்டியலைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லி, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று அன்போடுதான் கேட்டார். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் நடைபாதையில் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகுதான் படிவத்தில் ‘அழைக்கும் பெயர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். இந்தோனேசியாவிலும் மியான்மரிலும் குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஏராளம். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். ஸ்பானிய மொழிக்காரர்களுக்கு அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். “உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?” என்று கேளுங்கள். வாயில் நுழையவில்லை என்று சுருக்கிவிடாதீர்கள். இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் நுழையும்.

3. சமையலறைக் கடிகாரத்தையும் தேர்வு அட்டவணையையும் பாருங்கள்.

சைவ உணவுக்காரரான ராமானுஜன் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட முடியாமல் அறையிலேயே சமைத்துக்கொண்டார். முதல் உலகப் போர் வந்து பொருள்கள் கிடைக்காமல் போனபோது இன்னும் சிரமப்பட்டார். சாப்பாட்டுச் சிக்கலை ‘தனிப்பட்ட விஷயம்’ என்று தள்ளினால் அது உடம்பில் போய் உட்காரும்.

ரமலான் மாதத்தில் உணவகம் இரவு எட்டு மணிக்கு மூடினால் நோன்பாளி விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எங்கே போவார்? காய்கறிக் குழம்பில் போட்ட கரண்டியையே இறைச்சியிலும் போட்டால் ‘சைவம்’ என்ற அட்டைக்கு என்ன மதிப்பு? தேர்வுத் தேதி குறிக்கும்போது யூதர்களின் யோம் கிப்பூர், ஈத், தீபாவளி, சந்திரப் புத்தாண்டு எல்லாம் எந்த நாளில் வருகின்றன என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் விடுமுறை விட முடியாது. மாற்றுத் தேர்வு உண்டு என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்ட முடியும். கெஞ்சிக் கேட்டுப் பெறும்போது அது சலுகை. முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அது உரிமை.

4. சாதிக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். அது கூடவே வரும்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே எல்லோரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். 1917-இல் உதவித்தொகைக் கடனைத் தீர்க்கப் பரோடா அரசில் வேலைக்கு வந்தவருக்கு, அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். தடியோடு வந்த கூட்டம் அவரைக் காலி செய்ய வைத்தது. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அன்று கடல் தாண்டியபோது சாதி கொஞ்சம் பின்தங்கியது. இன்று நாம் கூட்டமாகப் போகிறோம், அதையும் பெட்டியில் வைத்தே எடுத்துப் போகிறோம்.

ஒருநாள் நம் மாணவர் ஒருவர் வந்து, “அறையை மாத்திக் கொடுங்க சார்” என்றார். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. மறுவாரமும் வந்தார், அப்போதும் சொல்லவில்லை. மூன்றாம் முறை, தலையைத் தூக்காமலே, “நான் தொட்ட குக்கரைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்க சார்” என்றார். அதற்கு முன் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ‘உங்க ஊர்ல எந்தத் தெரு?’ என்ற விசாரிப்பு. முதுகில் தட்டிக் கொடுப்பதுபோலத் தோளில் நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. கூட வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் அதைப் பாத்திரம் கழுவும் சண்டை என்று குறிப்பேட்டில் எழுதினார். அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும், பிரச்சினை பெரிதாக வேண்டாம் என்று அறையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அவமானப்பட்டவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், அவமானப்படுத்தியவர்களுக்கு விசாலமான அறை கிடைத்தது. இன்றுவரை என்னை உறுத்தும் தவறு அது. நீங்கள் செய்யாதீர்கள். இடம் மாற வேண்டியிருந்தால் தவறு செய்தவர் மாறட்டும்.

அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் தன் பாகுபாடு தடுப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களுக்கும் சேர்த்து 2022 ஜனவரியில் அதை அறிவித்தது. பெயர் வைக்காத கொடுமைக்குப் புகார்ப் படிவத்தில் இடம் கிடைப்பதில்லை. உங்கள் நிறுவன விதியை எடுத்துப் படியுங்கள். இனம், நிறம், மதம், பாலினம், பாலியல் நாட்டம், மாற்றுத்திறன் என்று போகும் வரிசையில் சாதி இருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள். தெற்காசியர்களான நாம் கேட்காவிட்டால் வேறு யாருக்கும் தோன்றாது.

5. படியில் ஏற முடியாதவரிடம் படியைப் பற்றிக் கேளுங்கள்.

எட் ராபர்ட்ஸ் பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரவில் ‘இரும்பு நுரையீரல்’ என்ற சுவாசப் பெட்டிக்குள் படுக்க வேண்டும். அதன் எடை ஏறத்தாழ 360 கிலோ. 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது எந்த விடுதித் தளமும் அந்த எடையைத் தாங்காது என்றார்கள். வளாக மருத்துவமனையின் ஓர் அறையே அவருக்கு விடுதியானது. அவரைப் பார்த்து மற்ற மாற்றுத்திறனாளிகளும் வந்து சேர்ந்தார்கள். சேர்ந்து கேட்டார்கள். 1970-இல் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான திட்டம் பிறந்தது, 1972-இல் ஊருக்கே பொதுவாகத் தற்சார்பு வாழ்வு மையம் தொடங்கியது. பெர்க்லி நடைபாதை ஓரங்கள் சக்கர நாற்காலிக்காகச் சரிவாக்கப்பட்டன. இன்று அதே மாதிரிச் சரிவில் குழந்தை வண்டி தள்ளும் தாயும் பெட்டி இழுக்கும் பயணியும் சிரமமில்லாமல் போகிறார்கள்.

சரிவுப் பாதை ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதைவிடச் செங்குத்தாகக் கட்டிவிட்டு ‘வசதி செய்து கொடுத்தோம்’ என்று படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுவதற்கு முன் நாற்காலியில் வருபவரை வரைபடத்தின் முன்னால் உட்கார வையுங்கள்.

காதுகேளாதோருக்காக 1864-இல் தொடங்கிய கல்லாடெட் பல்கலைக்கழகத்துக்கு, 124 ஆண்டுகள் கேட்கும் திறன் உள்ளவர்களே தலைவர்களாக இருந்தார்கள். 1988 மார்ச்சில் மறுபடியும் அப்படி ஒருவரை நியமித்தபோது மாணவர்கள் வளாக வாயிலை அடைத்துப் போராடினார்கள். ஒரே வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன், முதல் காதுகேளாத தலைவராக வந்தார். அவர்களுக்கான முடிவை அவர்கள் இல்லாத அறையில் எடுக்காதீர்கள்.

6. மௌனத்தை அறியாமை என்று எண்ணாதீர்கள்.

இரண்டாம் மொழியில் படிப்பவர் கேள்வியைத் தன் மொழியில் புரிந்து, பதிலை உங்கள் மொழிக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். கேட்டதும் கை தூக்குபவரையே கூப்பிட்டால் நாலு பேருக்குத்தான் வகுப்பு நடக்கும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பவரை அங்கேயே நிறுத்துங்கள்.

7. புகார் கொடுப்பவரை அலைய விடாதீர்கள்.

யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில், யாருக்குத் தெரியவரும் என்ற மூன்றும் விடுதி அறிவிப்புப் பலகையிலேயே இருக்க வேண்டும். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விசாரணைக்கு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. குழுவுக்குப் பெண் தலைமை தாங்க வேண்டும், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. மற்றப் பாகுபாடுகளுக்கும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். புகாருக்கு ஆளானவர் தரப்பையும் முழுதாகக் கேளுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் மேல் புகார் என்றால், முதலில் அந்த மாணவரின் ஆய்வுக்கு வேறு வழிகாட்டியை ஏற்பாடு செய்யுங்கள். பிழைப்பு அவர் கையில் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

8. வந்தவர்களை மட்டும் எண்ணாதீர்கள்.

எங்கள் கையேட்டு அட்டைப் படத்துக்கு ஆப்பிரிக்க மாணவி ஒருவரைத்தான் ஆண்டுதோறும் கூப்பிடுவோம். நான்காம் ஆண்டு அவர் என்னிடம், “படத்துக்குக் கூப்பிடுகிறீர்கள். படிக்கும் குழுவுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை” என்றார். எத்தனை நாட்டவர் சேர்ந்தார்கள் என்று எழுதும் இடத்தில், எத்தனை பேர் பாதியில் போனார்கள், யார், ஏன் என்பதையும் எழுதுங்கள். போகிறவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.

9. தெரியாமல் செய்ததையும் தெரிந்து செய்ததையும் ஒன்றாக்காதீர்கள்.

பதினெட்டு வயதுப் பிள்ளை தன் ஊரில் கேட்ட சொல்லை அதன் கூர்மை தெரியாமல் சொல்லலாம். தனியே கூப்பிட்டு எடுத்துச் சொல்லுங்கள். சபையில் தலைகுனிய வைத்தால் திருந்த மாட்டான், மறைக்கக் கற்றுக்கொள்வான். சொன்ன பிறகும் செய்தால் விதிப்படி நடவடிக்கை எடுங்கள், தயங்காதீர்கள்.

10. முதல் வாரம் அலுவலகத்தில் உட்காராதீர்கள்.

சுற்றறிக்கை அனுப்புவது எளிது. மகாலனோபிஸ் சுற்றறிக்கை அனுப்பவில்லை, அறைக்குப் போனார். நீங்களும் மாலையில் விடுதிப் படியேறுங்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டுங்கள். ‘ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். “சாப்பிட்டாயா? யாரோடு சாப்பிட்டாய்? ராத்திரி குளிருகிறதா?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்குவார்கள். உட்கார்ந்து கேளுங்கள்.