ஆம்னி வேனுக்கு கேஸ் கிட்: போட்ட காசு எப்போது திரும்பும்?

"பெட்ரோல் நூறைத் தொட்டுடுச்சு, வேனுக்கு கேஸ் போட்டுடலாமா?" ஆம்னி, ஈகோ வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடுகிறது. பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்து, தண்ணீர் கேனும் சின்ன அடுப்பும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு, ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு இந்த ஆசை இன்னும் அதிகம். நீண்ட தூரம் போகிறோம், அதனால் கேஸ் போட்டால் நிறைய மிச்சம் என்று தோன்றும். உண்மையில் வருஷத்துக்கு மூன்று நான்கு முறை மட்டும் வெளியூர் போகும் வேனுக்குத்தான் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிப்படுவதில்லை. ஏன் என்று உங்கள் கையில் உள்ள போனை வைத்தே பார்த்துவிடலாம்.

பங்கில் எழுதியிருக்கும் விலை முழு விலை அல்ல

வண்டிகளுக்கான எல்பிஜியும் பெட்ரோல் போலவே லிட்டர் கணக்கில்தான் விற்கப்படுகிறது. ஆனால் ஒரு லிட்டர் எல்பிஜியில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிடக் குறைவு. எனவே அதே தூரம் ஓட ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் கூடுதல் லிட்டர் தேவைப்படும். பெட்ரோலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் வேன், கேஸில் 11 கிலோமீட்டர் கொடுத்தாலே நல்ல டியூனிங் என்று சொல்லலாம்.

ஆகவே எல்பிஜி விலையை அப்படியே பெட்ரோல் விலையோடு ஒப்பிடக் கூடாது. அதை முதலில் 0.8 ஆல் வகுக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க, பெட்ரோல் 100 ரூபாய், எல்பிஜி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் இன்று என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 65 ஐ 0.8 ஆல் வகுத்தால் 81 ரூபாய் 25 காசு. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையை கேஸில் செய்ய 81.25 ரூபாய் ஆகிறது. உங்கள் கையில் நிற்கும் மிச்சம் 18.75 ரூபாய்தான், 35 ரூபாய் அல்ல. கிட் விற்பவர் 35 என்றுதான் சொல்வார், அது அவர் தொழில்.

கிட், தொட்டி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், அதை 18.75 ஆல் வகுக்கும்போது 1,600 வருகிறது. 1,600 லிட்டர் பெட்ரோலுக்குப் பதிலாக கேஸ் ஓடிய பிறகுதான் போட்ட காசு திரும்பும்.

இப்போது போனை எடுங்கள்

நீங்கள் ஒரு வருஷத்தில் எத்தனை லிட்டர் போடுகிறீர்கள்? இதற்கு மனக்கணக்கை நம்ப வேண்டாம். பெட்ரோல் பங்கில் யுபிஐ மூலம் பணம் கட்டும் பழக்கம் இருந்தால், பணம் அனுப்பும் செயலியில் கடந்த 12 மாதப் பட்டியலைத் திறந்து, பங்குகளுக்குப் போன தொகையை மட்டும் கூட்டுங்கள். அதை பெட்ரோல் விலையால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். வீட்டில் டூவீலரும் இருந்தால் அதற்குப் போட்ட சின்னச் சின்னத் தொகைகளைக் கழித்துவிடுங்கள்.

மாதம் சராசரி 3,000 ரூபாய் வருகிறதென்றால் வருஷத்துக்கு 360 லிட்டர். கேஸில் மிச்சமாவது 6,750 ரூபாய். நாலரை வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும் போலத் தெரிகிறது. ஆனால் இன்ஷூரன்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிட் பொருத்திய வண்டிக்கு, சொந்த சேதப் பகுதியில் கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பகுதியில் 60 ரூபாயும் கூடுதலாக வாங்குவது வழக்கம். 30,000 ரூபாய் கிட்டுக்கு இது 1,260 ரூபாய். கழித்தால் வருஷ மிச்சம் 5,490 ரூபாய். பணம் திரும்ப ஏறக்குறைய ஐந்தரை வருஷம் ஆகும். அதற்குள் தொட்டியின் ஐந்தாண்டுப் பரிசோதனைச் செலவும் வந்து நிற்கும்.

இதே வேன் பள்ளிப் பிள்ளைகளையோ கடைச் சரக்கையோ தினமும் ஏற்றி, மாதம் 9,000 ரூபாய்க்கு பெட்ரோல் குடிக்கிறது என்றால் கதையே வேறு. வருஷத்துக்கு 1,080 லிட்டர். இன்ஷூரன்ஸ் கூடுதல் போக 18,990 ரூபாய் மிச்சம். சுமார் 19 மாதத்தில் முதல் திரும்பி, பிறகு வருவதெல்லாம் லாபம்.

பங்கு எவ்வளவு தூரம் என்பதும் கணக்கில் சேரும். 40 லிட்டர் தொட்டியில் 80 சதவீதம், அதாவது 32 லிட்டர் மட்டுமே நிரப்பலாம். வெயிலில் கேஸ் விரிய இடம் வேண்டும் என்பதால் அதற்கு மேல் ஏறாதபடி வால்வே தடுத்துவிடும். ஒரு தடவை நிரப்பினால் சுமார் 350 கிலோமீட்டர். மிச்சம் 480 ரூபாய். எல்பிஜி பங்கு வீட்டிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வர 12 கிலோமீட்டருக்கு 70 ரூபாய் போய்விடும். மிச்சத்தில் ஏழில் ஒரு பங்கு சாலையிலேயே கரைகிறது! சென்னையில் ஆட்டோக்காரர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. சின்ன ஊர்களில் இதுதான் முதல் கேள்வி. சுற்றுலா போகும் வழியில் பங்கு இல்லாவிட்டால் பெட்ரோலில்தான் ஓட்டப் போகிறீர்கள், அந்த லிட்டருக்கு மிச்சம் பூஜ்யம்.

வண்டிக்கு இன்னும் எத்தனை வயது?

மாருதி ஆம்னி தயாரிப்பு 2019 இல் நின்றுவிட்டது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எம்பரிவாஹன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு எந்தத் தேதி வரை என்று பாருங்கள். இரண்டே வருஷம் மீதி இருக்கும் வண்டிக்கு ஐந்தரை வருஷத்தில் திரும்பும் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத கிட்

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மெக்கானிக் ஷாப்பில் கிட் மாட்டியவுடன் வேலை முடிந்தது என்று ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவின்படி எரிபொருள் மாற்றம் பதிவுச் சான்றிதழில் ஏற வேண்டும். அங்கீகாரம் இல்லாத கிட் பொருத்தினால், 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அதைவிடப் பெரிய இழப்பு விபத்து நேரத்தில் வரும். ஆர்.சி.யில் 'பெட்ரோல்' என்று மட்டும் இருக்க, வண்டியில் கேஸ் தொட்டி இருந்தால், இழப்பீடு கேட்கும்போது இன்ஷூரன்ஸ் நிறுவனம் அதையே காரணமாகக் காட்டலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிட் வாங்கும் முன், அது உங்கள் வண்டி மாடலுக்கும் இன்ஜின் அளவுக்கும் அங்கீகாரம் பெற்றதா என்று சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிஎஸ்-6 வண்டிகளிலும் கிட் பொருத்த 2022 முதல் விதிகளில் இடம் உண்டு, ஆனால் அந்த வகைக்கென அங்கீகரித்த கிட்டாக இருக்க வேண்டும். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் சம்மதக் கடிதம் முதலில். பிறகு பரிவாஹன் தளத்தில் வாகனம் தொடர்பான சேவைகளுக்குள் போய், வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் கொடுத்து, வாகன மாற்றத்துக்கான விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓடிபி வர, ஆர்.சி.யோடு இணைத்த மொபைல் எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். பழைய ஆம்னியை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், எண்ணை முதலில் மாற்றிவிடுங்கள். கிட் பில், பொருத்தியவர் தரும் சான்று, தொட்டிச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம், நம் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம், வண்டியைக் காட்ட வேண்டும். முடிந்ததும் எம்பரிவாஹனில் எரிபொருள் 'பெட்ரோல்/எல்பிஜி' என்று மாறியிருக்கிறதா பாருங்கள். மாறிய ஆர்.சி.யை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்பி, பாலிசியில் ஏற்றிய கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு சிலிண்டர் வேண்டவே வேண்டாம்

14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை வேனில் மாட்டுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, உயிருக்கு ஆபத்து. வண்டித் தொட்டியில் 80 சதவீதத்தில் நிற்கும் வால்வும், குழாய் அறுந்தால் தானே மூடும் வால்வும் இருக்கும். வீட்டு சிலிண்டரில் இவை கிடையாது. "வண்டித் தொட்டியிலிருந்தே அடுப்புக்கும் ஒரு டியூப் இழுத்துடலாம்ல?" என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. அந்தத் தொட்டியிலிருந்து வெளியே வருவது ஆவி அல்ல, திரவம். இன்ஜின் சுடுநீரில் சூடாகும் கருவியில்தான் அது ஆவியாகிறது. மேலும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் மெத்தைக்கு அடியில், தரையோடு தேங்கும். வேனுக்குள் படுத்துத் தூங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு இறங்கி, தள்ளி நில்லுங்கள்.

கிட் பொருத்திய அன்றே தொட்டியில் பொறித்துள்ள எண்ணையும் பரிசோதனைத் தேதியையும் படம் எடுத்து வையுங்கள். ஐந்து வருஷம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாக போன் காலண்டரில் ஒரு நினைவூட்டலும் போட்டுவிடலாம்.