ஒரு கோபுரத்தினின்று பல குரல்

காஞ்சிமாநகரத்து நெசவாளர் தெருவொன்றில் மாலைப்போதில் நடந்து செல்வோமாயின், ஒரு வீட்டிற் செய்தியும், அடுத்த வீட்டிற் பாட்டும், தறியோசையினிடையே வானொலியிற் கேட்டல் கூடும். இவை யாவும் ஒரே வேளையில் ஒரே வெளியின் வழியே வந்தனவன்றோ? வழியிற் குழம்பாமை எங்ஙனம்?

அலைகள் ஆகாயத்தில் தனித்தனிப் பாதையில் ஓடுவன என்று பலர் கருதுவர். அஃது அன்று. யாவும் ஒன்றன்மேலொன்றாய்க் கலந்தே பரவி, வாங்கியின் கம்பியில் ஒருங்கே வந்து படிகின்றன. எனினும் அக்கலப்பினால் எதுவும் தன் அதிர்வெண்ணை இழப்பதில்லை. வாங்கியிலுள்ள சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று, தன்னோடொத்த அலைக்கு மட்டும் பெரிதும் இசைந்து ஆடும், ஏனையவற்றிற்கு அசையாது.

1900ஆம் ஆண்டில் மார்க்கோனியார் இதனை மெய்ப்பித்த வரலாறு சுவையுடைத்து. இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவினின்று ஒரே வேளையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தியும் பிரெஞ்சு மொழியில் ஒரு செய்தியும் அனுப்பப்பட்டன. பூல் என்னுமூரில், ஒரே கம்பியிற் பிணைத்த இரு வாங்கிகள் தத்தம் செய்தியை மட்டும் தெளிவாய்ப் பதிந்தன. அவ்வாண்டு அவர் விண்ணப்பித்துப் பெற்ற 7777ஆம் எண் உரிமைச் சாசனம் இவ்விசைவு முறையைப் பற்றியதே.

1924இல் கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியாற் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பியபோது, இந்நகரத்திற் குரல் ஒன்றே. 1977இற் பண்பலை வந்தது. பின்னர்த் தனியார் நிலையங்கள் பெருகின. 2005ஆம் ஆண்டின் அரசாங்கக் கொள்கை, ஒரு நகரத்துத் தனியார் நிலையங்கள் ஓரிடத்தினின்றே ஒலிபரப்பல் வேண்டுமென்று வகுத்தது. கோபுரம் ஒன்று, குரல் பல. பாபேலாகாமற் காப்பதே பொறியியலார் கடமை.

இடர் ஆகாயத்தில் இல்லை, அனுப்புமிடத்தில் உள்ளது. ஒரு நிலையத்தின் ஆற்றல் மற்றொன்றன் பெருக்கியினுட் புகுமாயின், இரண்டும் திரிந்து புதிய அலைகள் பிறக்கும். சென்னையில் 92.7, 93.5, 94.3 மெகாஹெர்ட்ஸ் என 0.8 இடைவெளியில் அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. 93.5ஐ இரட்டித்து 92.7ஐக் கழித்துப் பாருங்கள்: 94.3! பொய்யலை அண்டை வீட்டிலேயே சென்று விழுகிறது. இது கேட்போர்க்குத் தொல்லை என்ற அளவில் ஒழியும். ஆனால் 106.4ஐ இரட்டித்து 102.3ஐக் கழிப்பின் 110.5 வரும், 108க்கு மேற்பட்ட அப்பகுதி விமானம் தரையிறங்க வழிகாட்டும் அலைகளுக்குரியது. மேகமூட்டத்தில் இறங்கும் விமானிக்கு இது விளையாட்டன்று.

ஆதலின், ஒவ்வொரு நிலையத்திற்கும் பொதுக்கம்பிக்கும் இடையே, அந்நிலையத்தின் அலையை மட்டும் விடுத்து ஏனையவற்றைத் திருப்பும் வடிப்பான்களை அமைக்கின்றனர். நம்மூர்க் கோர்வைச் சேலையில் உடலின் ஊடை கரையினுட் புகாமலும், கரையின் ஊடை உடலினுட் புகாமலும், எல்லையிற் பிணைந்து திரும்புவதை நெசவறிந்தோர் நினைவு கூர்க. உவமை முற்றும் பொருந்தாது. அங்கே பிரிப்பது கை, இங்கே வெறும் உலோக அறைகள்.

சிலபோது பொய்யலை கேட்போன் வாங்கியினுள்ளேயே பிறத்தலும் உண்டு. கோபுரத்தின் அருகிலுள்ளார்க்கு இது நேர்வது மிகுதி, ஏறக்குறைய எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காஞ்சியார்க்கு அரிது. குற்றம் யாருடையது எனத் தெரிய ஒரு வழியுண்டு. கம்பியைச் சுருக்கி, வரும் அலைகளின் வலியைப் பாதியாக்குக. அனுப்புமிடத்திற் பிறந்த பொய்யலை தானும் பாதியாகும். வாங்கியிற் பிறந்ததோ எட்டிலொன்றாய்க் குன்றி, பெரும்பாலும் மறைந்தேவிடும்.