ரவுட்டர் இல்லாத வைஃபை: எட்டாம் வகுப்பில் ஒரு வேகக் கணக்கு

கடந்த ஆண்டு தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வுக்கு எங்கள் எட்டாம் வகுப்பிலிருந்து 11 பேர் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய். எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதா வேண்டாமா என்பதை அந்தத் தொகை முடிவு செய்துவிடும். மனத்திறன் பகுதிக்கு நானே கரும்பலகையில் நடத்திப் பதிவு செய்த காணொளிகள் என் பழைய மடிக்கணினியில் இருந்தன. மொத்தம் 600 மெகாபைட். பிள்ளைகளில் பலருடைய வீட்டில் அவ்வளவு டேட்டா கிடையாது. எனவே தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மாலைக்கு மட்டும், வீட்டு அலைபேசியைக் கொண்டுவரச் சொன்னேன்.

எங்கள் வகுப்பறையில் ரவுட்டர் இல்லை. மடிக்கணினியையே ஹாட்ஸ்பாட்டாக மாற்றினேன். வேகம் 54 என்று திரை காட்டியது. 600ஐ 54ஆல் வகுத்தால் ஒருவருக்கு 11 வினாடி, 11 பேருக்கும் இரண்டே நிமிடம். பள்ளி விடுவது 4.10, பேருந்து 4.50. நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்து, ஆறு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பத் தொடங்கினேன்.

அந்த ஆறு பேருக்கும் முடியவே 4.40 ஆகிவிட்டது. மீதி ஐந்து பேர் வெறும் கையோடு பேருந்து ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி தன் சித்தப்பாவின் அலைபேசியைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அவர் லோடு வண்டி ஓட்டுபவர். அன்றிரவே கிளம்பினால் அடுத்த வாரம்தான் திரும்புவார். "பரவாயில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கணித ஆசிரியராக இருந்துகொண்டு ஒரு வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போட்டேனே என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் தவறு அலகில் இருந்தது. திரையில் தெரியும் 54 என்பது வினாடிக்கு 54 மெகாபிட். கோப்பின் அளவோ மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 54ஐ 8ஆல் வகுக்க, வினாடிக்கு 6.75 மெகாபைட்தான் வருகிறது. சென்டிமீட்டரையும் அங்குலத்தையும் குழப்பும் பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் வட்டமிடும் நான் செய்தது அதே பிழைதான்.

இரண்டாவது தவறு, அந்த 6.75ஐயும் நம்பலாம் என்று நினைத்தது. 54 என்பது காற்றில் ஒரு பொட்டலம் பறக்கும் கணத்தின் வேகம். பொட்டலங்களுக்கு நடுவே நிறைய நேரம் வீணாகிறது. வைஃபையில் ஒரு அலைவரிசையில் ஒரு சமயம் ஒருவர்தான் பேச முடியும். பேசுமுன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டு, சிறிது நேரம் காத்திருந்து, பிறகு பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் "வந்து சேர்ந்தது" என்று எதிர்முனை பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். கை தூக்கி, ஆசிரியர் அனுமதித்த பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசும் வகுப்பை நினைத்துக்கொள்ளலாம். இதனால் 54 என்று அச்சிட்ட 802.11ஜி வகைக் கருவியில், அருகருகே வைத்தால்கூட, கோப்பு நகரும் வேகம் 20 முதல் 25 மெகாபிட் வரைதான். அதற்கு முந்தைய 802.11பி வகையில் 11 என்று போட்டிருக்கும், கிடைப்பது 5 அல்லது 6.

ரவுட்டர் இல்லாததால்தான் வேகம் குறைந்தது என்று சக ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். உண்மை நேர்மாறானது. இரண்டு கருவிகளும் வைஃபையில் இருந்து, நடுவில் ரவுட்டர் இருந்தால், ஒரே தகவல் காற்றில் இருமுறை பயணிக்கிறது: அனுப்புபவரிடமிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து பெறுபவருக்கு. இரண்டும் ஒரே அலைவரிசை என்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். நேரடி இணைப்பில் ஒரே பயணம்தான். 1997இல் வந்த முதல் 802.11 தரத்திலேயே 'அட்ஹாக்' என்ற நேரடி முறைக்கு இடம் இருந்தது. ஆனால் பழைய கணினிகள் பலவற்றில் அம்முறைக்கு மாறினால் வேகம் 11க்கு இறங்கிவிடும். ரவுட்டர் இல்லாவிட்டால் மெதுவாகத்தான் இருக்கும் என்ற பேச்சு அந்தக் காலத்தின் மிச்சம் என்று நினைக்கிறேன். 2010இல் வந்த வைஃபை டைரக்ட் முறையிலும், நாம் பயன்படுத்தும் ஹாட்ஸ்பாட்டிலும் ஒரு கருவியே ரவுட்டரின் வேலையை ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தடை இவற்றில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாட்ஸ்பாட் வழியாகக் கோப்பு அனுப்பினால் டேட்டா செலவாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். கருவிக்குக் கருவி போகும் கோப்பு இணையத்தைத் தொடுவதே இல்லை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மட்டும் இயக்குங்கள். அணைக்க மறந்தால்தான், இணைந்திருக்கும் அலைபேசிகளின் செயலிகள் உங்கள் டேட்டாவைத் தின்னும்.

திங்கட்கிழமை என் தவறான வகுத்தலை அப்படியே கரும்பலகையில் எழுதி, எங்கே பிழை என்று கேட்டேன். 'வாழ்வியல் கணித'த்தில் நேரமும் வேலையும் நடத்த வேண்டிய வாரம் அது. குழாய் தொட்டியை நிரப்பும் கணக்குக்குப் பதிலாக இதையே எடுத்துக்கொண்டோம். 100 மெகாபைட் கோப்பு ஒன்று, என் மடிக்கணினி, ஆசிரியர் அறையிலிருந்து வாங்கிய இரண்டு அலைபேசிகள், விளையாட்டு ஆசிரியரின் நிறுத்துக் கடிகாரம்.

ஒரு மீட்டர் தூரத்தில் 38 வினாடி. 800 மெகாபிட்டை 38ஆல் வகுத்து, 21 என்று பிள்ளைகளே சொன்னார்கள். கடைசி பெஞ்சில் 70 வினாடி. வராந்தாவில், சுவருக்கு அப்பால், மூன்று நிமிடத்துக்கும் மேல். தூரம் கூடும்போது கருவி 54இலிருந்து 48, 36, 24 என்று படிப்படியாக 6 வரை இறங்கும் என்று சொன்னபோது, "நம்ம தண்ணி மோட்டார் மாதிரியா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். மோட்டார் அப்படி இறங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நடந்தது அப்போதுதான் எனக்கே புரிந்தது. ஆறு பேரில் ஒருவன் இரும்பு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். 6 மெகாபிட்டில் பெறும் அலைபேசி, அதே தகவலுக்குக் காற்றை ஒன்பது மடங்கு நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவனுக்கு மட்டுமா தாமதம்? வரிசையில் நிற்கும் எல்லோருக்கும்தான்.

இரண்டு அலைபேசிகளுக்கு ஒரே சமயத்தில் அனுப்பினோம். ஒவ்வொன்றுக்கும் 78 வினாடி. ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினாலும் மொத்தம் அவ்வளவுதான். அடுத்து, சித்தப்பா அலைபேசியைக் கொண்டுவந்த அதே பெண் எழுந்து, "வாங்கினவங்க அடுத்தவங்களுக்குக் குடுத்தா என்ன டீச்சர்?" என்றாள். 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும். 11 பேருக்கும் நான்கே சுற்றில் முடியும். வகுப்பே கை தட்டியது. செய்து பார்த்தால் நேரம் குறையவே இல்லை. எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருந்தால், ஆட்கள் கூடினாலும் காற்று ஒன்றுதான். இங்கே ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட்டேன். செலவிட வேண்டிய இடம் அதுதான். இரண்டு ஆட்கள் வேலையைப் பாதி நேரத்தில் முடிப்பார்கள் என்று புத்தகத்தில் சொல்கிறோம். மண்வெட்டி ஒன்றே ஒன்று இருந்தால் முடிப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய அலைவரிசைகள் மூன்று: 1, 6, 11. பெரும்பாலான அலைபேசிகள் அதைத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை. ஆனால் 2.4ஆ, 5 கிகாஹெர்ட்ஸா என்பதைப் பலவற்றின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு மண்வெட்டிகள் கிடைத்துவிட்டன.

என் புது அலைபேசியை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்தபோது திரை 433 என்றது. 100 மெகாபைட் 6 வினாடியில் போனது, அதாவது 133 மெகாபிட். அங்கேயும் அச்சிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுவருக்கு அப்பால் 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகும். கருவிகள் ஒரே அறையில் இருக்க வேண்டும். பென் டிரைவ் போதாதா என்று அறிவியல் ஆசிரியர் கேட்டார். போதும், எல்லா அலைபேசிக்கும் பொருந்தும் முனை கையில் இருந்தால்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி அலைபேசிகள் வந்தன. சித்தப்பாவும் ஊருக்குத் திரும்பியிருந்தார். கரும்பலகைப் பாடத்துக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு என்று காணொளியை 150 மெகாபைட்டாகச் சுருக்கியிருந்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ஐந்து அலைபேசிகளுக்கு என் அலைபேசியிலிருந்தும், மீதி ஆறுக்கு மடிக்கணினியிலிருந்து ஒவ்வொன்றாகவும் அனுப்பினோம். பீரோ பக்கம் யாரையும் உட்கார விடவில்லை. எல்லோருக்கும் முடிந்தபோது மணி 4.27.

அந்தப் பெண் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். "டீச்சர் கணக்கு: 1 நிமிடம். வந்தது: 1 நிமிடம் 20 வினாடி" என்று எழுதி, அதன் கீழே, கோப்பைத் தேடி எடுத்த நேரத்தை நான் சேர்க்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.