சைவ உணவும் கல்லீரல் கொழுப்பும்

“மதுவைத் தொட்டதில்லை, மாமிசம் உண்டதில்லை, பிறகு எனக்கு எப்படிக் கல்லீரலில் கொழுப்பு?” நம் ஆலயத்திற்கு வரும் மெய்யன்பர்களுள் சிலர், மருத்துவச் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடையோ, எந்தத் தீங்கும் செய்யாது என்று நாம் நம்பியிருக்கும் நமது வாழையிலையிலேயே இருக்கிறது.

வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் இருக்கும் உறுப்பு கல்லீரல். சோற்றிலும் இனிப்பிலும் உள்ள சர்க்கரையைக் குடல் உறிஞ்சியதும், அதைச் சுமந்த இரத்தம் இதயத்திற்குப் போகுமுன் கல்லீரலுக்குத்தான் போய்ச் சேருகிறது. வந்த சர்க்கரையில் ஓரளவைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்னும் மாவுப் பொருளாகச் சேமிக்கும். அந்தப் பண்டசாலை சிறியது. அது நிறைந்த பின்னும் சர்க்கரை வந்துகொண்டே இருந்தால், மிகுந்ததைக் கொழுப்பாக மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. நாம் காப்பியில் போடும் சீனியில் பாதி பிரக்டோஸ் என்னும் சர்க்கரை. அதைப் பெரும்பாலும் கையாள்வது கல்லீரல்தான். ஆகவே கொழுப்பு உண்டால்தான் கல்லீரலில் கொழுப்பு படியும் என்பதில்லை. வெள்ளைச் சோறும் கேசரியும் சிரப் தண்ணீரும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கும் போதும்.

கல்லீரலில் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அது நோய் எனப்படும். இதன் ஆங்கிலப் பெயர் முன்பு ‘மது சாராத’ என்ற அடைமொழியோடு வழங்கியது; 2023-இல் உலக வல்லுநர்கள் கூடி அதை மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய நோய் என்று பெயரிட்டார்கள். இது பொருத்தமான பெயர் என்பேன். நீரிழிவு, தொப்பை, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றின் கூட்டாளி அல்லவா இது! மலேசியாவில் 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம். இந்த முதலிடத்தை நாம் யாரும் விரும்பிக் கேட்கவில்லை.

தொடக்கத்தில் வலி இராது, மஞ்சள் காமாலை இராது. பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அழற்சி உண்டாகி, தழும்பு விழுந்து, கல்லீரல் இறுகிப் போகும். அதற்கு முன்பே இதயம் பாதிக்கப்படுவோரும் பலர். ஆனால் தழும்பு முற்றுமுன் கவனித்தால் கல்லீரல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும் என்கிறார்கள். அதாவது 80 கிலோ எடையுள்ள ஒருவர் 4 கிலோ குறைத்தாலே பலனுண்டு.

இங்கேதான் நார்ச்சத்து வருகிறது. நார் என்றவுடன் மலச்சிக்கலுக்கு மருந்து என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. நீரில் கரையும் நார், வெண்டைக்காயின் கொழகொழப்பிலும் ஊறவைத்த வெந்தயத்திலும் கண்ணாலேயே பார்க்கக்கூடியது. அது வயிற்றில் கூழ்போலாகிச் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. வெள்ளம்போல் வராமல் வாய்க்கால்போல் வந்தால் கல்லீரலுக்குச் சுமை குறைவு. அடுத்து, அது பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. கல்லீரல் புதிய பித்தம் செய்யக் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ள நேர்கிறது. மூன்றாவதாக, நாம் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு, குடற்சுவருக்கு உரமூட்டும் சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. குடற்சுவர் உறுதியாக இருந்தால் கிருமிகளின் நச்சுப் பொருள்கள் கசிந்து கல்லீரலை அடைவது குறையும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் காய்கறி பழங்களும் உண்ணவேண்டும் என்கிறது. நம் இலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 300 கிராம் வெள்ளைச் சோற்றில் நார் ஒரு கிராமைச் சற்றே தாண்டும். அப்பளத்தையும் பாயசத்தையும் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக உயராது. ஒரு கோப்பை வேகவைத்த கொண்டைக்கடலையிலோ ஏறத்தாழ 12 கிராம்! பச்சைப்பயறும் அதற்குக் குறைந்ததன்று. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 5 கிராம். நவராத்திரியின் ஒன்பது நாளும் சுண்டலைப் பிரசாதமாக வைத்த நம் முன்னோர் கிராம் கணக்குப் பார்த்தவர்கள் அல்லர். எனினும் அந்தக் கிண்ணம் இன்றைய பரிந்துரையோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி, எளிதில் செரிக்காத மாவாக மாறி நாரைப்போல் வேலை செய்கிறது. சீனாவில் 200 கல்லீரல் கொழுப்பு நோயாளிகளைக் கொண்டு நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இத்தகைய மாவை நாளுக்கு 40 கிராம் வீதம் நான்கு மாதம் உண்டவர்களுக்குக் கொழுப்பு நன்கு குறைந்தது. ஆனால் அது சோளத்திலிருந்து பிரித்தெடுத்த மாவு. ஒரு கிண்ணம் பழைய சோற்றில் அத்தனை கிடைக்காது. பழைய சோறு நல்லதே. அதற்காக மூன்று கிண்ணம் வேண்டாம்.

தாவரங்களின் கசப்பு, துவர்ப்பு, நிறம் ஆகியவற்றுக்குக் காரணமான பொருள்களும் அழற்சியைத் தணிக்க உதவுகின்றன. அவற்றுள் பல சிறுகுடலில் உறிஞ்சப்படாமல், நாரைப்போலவே பெருங்குடல் நுண்ணுயிர்களிடம் போய்ச் சேருபவை. பாகற்காய், முருங்கைக்கீரை, மலாய்க்காரர்கள் பெகாகா என்று பச்சையாகவே உண்ணும் வல்லாரை, இவையெல்லாம் நம் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. சீனி சேர்க்காத கறுப்புக் காப்பி அருந்துவோருக்குக் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது என்பதும் பல ஆய்வுகளில் வந்த செய்தி. ‘சீனி சேர்க்காத’ என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

மஞ்சளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சமையலில் சேரும் மஞ்சள் வேறு, குர்குமின் மாத்திரை வேறு. உறிஞ்சப்படுவதற்காக மிளகுச் சாறு சேர்த்த செறிவான மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரலே பாதிக்கப்பட்ட நோயாளிகளை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செறிவூட்டிய பச்சைத் தேயிலை மாத்திரைக்கும் இதே குறை உண்டு. ‘கல்லீரல் சுத்தி’ என்று விழாக் காலக் கடைகளில் விற்கும் பொடிகளை வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். கீழாநெல்லி காமாலைக்கு வழங்கிவரும் மூலிகை. கொழுப்பு நோய்க்கு அதை நம்பி உணவை மாற்றாமல் இருப்பது ஆகாது.

இனி அன்னதானத்திற்கு வருகிறேன். பாயசமும் வடையும் இல்லாவிட்டால் உபயகாரருக்கு மனக்குறை. அதை நானும் அறிவேன். எனினும் நம் பந்தியில் அமர்வோருள் நீரிழிவுக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பாயசத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. கால் கிண்ணமாகக் குறைத்து, சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கீரையையும் பருப்புக் கூட்டையும் இரண்டாம் முறை கேட்டுப் பரிமாறலாம். சிரப் தண்ணீருக்கு மாற்றாக மோரோ வெறும் தண்ணீரோ போதும். உபயம் எழுதும்போதே ‘சுண்டலும் கொய்யாவும்’ என்று குறிப்பிட்டால் சமையற்கட்டில் அதற்கேற்ப வாங்குவார்கள், செலவும் கூடுதலாகாது.

வீட்டில் தொடங்குவோர் நாரை ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் கூடுதலாக அருந்துங்கள். இன்சுலின் போடுவோரும் சிறுநீரகக் கோளாறு உள்ளோரும் பயறு, பழங்களின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.